ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்று - ஒரு சின்ன வரலாறு

தமிழ்நாட்டில் ஆத்தூர் என்ற பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. சேலம் மாவட்டத்தில் ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்தில் இன்னொன்று. இந்தக் கட்டுரையில் வருவது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். செம்பட்டிக்குப் பக்கத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் சமவெளி ஊர். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் காமராஜர் அணை இங்கேதான் இருக்கிறது. "ஆத்தூர் தண்ணி" என்றால் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை!

அணைத் தண்ணீர் குழாய் வழியாக நகரத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட நீளமான குடிநீர்க் குழாய் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் தலையில் தொப்பி வைத்தது போல ஒரு சின்ன வால்வு நிற்கும். அதன் பெயர் ஏர் வால்வு. அது கசியும் இடத்தில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள், ஆட்டுக்குட்டியும் வந்து குடிக்கும். அந்த வால்வு எதற்கு? தண்ணீரோடு வரும் காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அதை வெளியே விடாவிட்டால் அங்கே ஒரு காற்று மூட்டை உட்கார்ந்துகொண்டு தண்ணீரின் வழியை அடைக்கும்.

சரி, இதற்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? மே மாதத்தில் செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மலைப்பாதையின் ஓரத்தில் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஆவி பறக்க, ஒரு காராவது வேனாவது நிற்கும். டிரைவர் கையில் தண்ணீர் பாட்டில், குடும்பம் முழுவதும் கல் மேல். "நேற்றுத்தானே தண்ணி மாத்தினோம், எப்படி ஹீட் ஆச்சு?" என்பார் அவர். பல சமயம் பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நேற்றுத் தண்ணீர் மாற்றியபோது உள்ளே போன காற்றை யாரும் வெளியே எடுக்கவில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் காற்று சிக்கும் இந்தப் பிரச்னைக்கு முந்நூறு வருட வரலாறு இருக்கிறது. கார் பிறப்பதற்கு முன்பே அது பிறந்துவிட்டது!

1712: காற்று அடைத்து நின்றுபோன எஞ்சின்

இங்கிலாந்தில் தாமஸ் நியூகமன் என்பவர் 1712-ல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நீராவி எஞ்சினை நிறுவினார். நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைப்பதுதான் அதன் வேலை. பெரிய உருளைக்குள் நீராவியை விடுவார்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சட்டென்று தண்ணீராகச் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. நீராவி சுருங்கிவிடும், ஆனால் தண்ணீரில் கரைந்திருந்த காற்று சுருங்காது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது உருளைக்குள் சேரும். சில அடிகளுக்குப் பிறகு வெற்றிடமே உண்டாகாமல் எஞ்சின் நின்றுவிடும். இதற்குத் தீர்வாக ஒரு சின்ன வால்வை வைத்தார்கள். நீராவி உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் அது பழைய காற்றை வெளியே தள்ளிவிடும். சளி பிடித்தவன் மூக்கை உறிஞ்சுவது போல அதிலிருந்து சத்தம் வந்ததால் அதற்கேற்ற பெயரையே ஆங்கிலத்தில் வைத்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்கலாம். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரில், அதன் கன அளவில் கிட்டத்தட்ட 2 சதவீதம் காற்று கரைந்திருக்கும். 10 லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு டம்ளர் காற்று! தண்ணீர் சூடாகச் சூடாக அது குமிழியாக வெளியே வரும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில், கொதிப்பதற்கு வெகு முன்பே அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? அது ஆவி அல்ல, கரைந்திருந்த காற்று. அதாவது, ரேடியேட்டரில் புதுத் தண்ணீர் ஊற்றுகிறவர் தெரியாமலே ஒரு டம்ளர் காற்றையும் சேர்த்து ஊற்றுகிறார்.

தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடிய கார்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதில் இன்று இருப்பது போன்ற ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அது கொதித்து ஆவியாகப் போகும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரைக்கும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வழியில் விஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். மேட்டில் பிள்ளைகள் வண்டியைத் தள்ளினார்கள். எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. உலகத்தின் முதல் நீண்ட கார்ப் பயணமே தண்ணீர் தேடிய பயணம்தான்!

இந்த முறையில் காற்று அடைக்கும் பிரச்னை இல்லை. மேலே திறந்திருக்கிறது, காற்றும் ஆவியும் தானாகப் போய்விடும். ஆனால் எஞ்சின் பலம் கூடக்கூட இப்படித் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க முடியவில்லை. 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு ரேடியேட்டரை உருவாக்கினார். அதில் 8,070 சின்னக் குழாய்கள். தண்ணீர் குறைவு, காற்றுப் படும் பரப்பு அதிகம். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரத் தொடங்கியது. சுற்றுவதற்கு ஒரு பாதை வந்துவிட்டால், அந்தப் பாதையில் காற்று அடைப்பதற்கும் இடம் வந்துவிடுகிறது. இன்றைய தலைவலியின் தொடக்கம் இதுதான்.

1908-லிருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு 'டி' மாடல் காரில் ஒரு வேடிக்கை. முதலில் வந்த சில ஆயிரம் வண்டிகளில் தண்ணீர்ப் பம்பு இருந்தது. பிறகு ஃபோர்டு அதை எடுத்துவிட்டார். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். பம்பு எதற்கு? இந்த முறைக்குப் பெயர் தெர்மோசைஃபன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய் எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் கொஞ்சம் இறங்கி அந்தக் குழாயில் காற்று புகுந்தால் சுற்றோட்டம் அறுந்துவிடும். தண்ணீர் முக்கால்வாசி இருக்கும்போதே எஞ்சின் கொதிக்கும்.

கிணற்றடி ஆயில் எஞ்சின்

இதைப் புரிந்துகொள்ள ஃபோர்டு காரைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஆத்தூர்ச் சமவெளி போன்ற கிணற்றுப் பாசன ஊர்களில் மின்சார மோட்டார் பரவும் முன் ஆயில் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. அவற்றில் ஒரு வகைக்குத் தலையில் திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். பென்ஸ் வண்டி போலவே கொதித்து ஆவியாகும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு வகையில் பக்கத்தில் ஒரு டிரம் வைத்து மேலும் கீழும் இரண்டு குழாய் கொடுத்திருப்பார்கள். அது அப்படியே ஃபோர்டின் தெர்மோசைஃபன். வேறு சிலவற்றில் இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றிப் போய் வாய்க்காலில் விழும்.

டிரம்மில் தண்ணீர் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே போகக் கூடாது என்பது எஞ்சின் ஓட்டியவர்களுக்குப் பாடமாகத் தெரிந்திருந்தது. ஏட்டில் படித்ததில்லை, ஒரு தடவை பிஸ்டன் பிடித்துக்கொண்டு காசு செலவழித்த பிறகு தெரிந்துகொண்டது!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில் "ஏர் பிடிச்சிருச்சு" என்றால் பெரும்பாலும் டீசல் குழாயில் காற்று புகுந்ததைத்தான் சொல்வார்கள். டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டால், பம்பைக் கையால் அடித்து, திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை எடுப்பார்கள். அதைச் செய்யாவிட்டால் வண்டி கிளம்பாது. எனவே எல்லோருக்கும் அது தெரியும். ரேடியேட்டர் காற்று அப்படி இல்லை. வண்டி ஒழுங்காகக் கிளம்பும், பத்து இருபது கிலோமீட்டர் ஓடவும் ஓடும். மேடு வரும்போதுதான் கழுத்தை அறுக்கும்.

மலைக்கு மோட்டார் வந்த கதை

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது மேலே போக மலைப்பாதை கிடையாது. நடக்க வேண்டும், அல்லது குதிரை, டோலி. 1875-ல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இருக்கும் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, மலையடிவாரம் வரை மாட்டு வண்டி, அதன்பின் ஆள் தூக்கிப் போவது என்று இருந்தது. மேஜர் லா என்ற ஆங்கிலேயர் திட்டமிட்ட மலைப்பாதை 1914-ல்தான் முடிந்தது. இன்றும் அதை லாஸ் காட் ரோடு என்றே சொல்கிறார்கள்.

அதே காலகட்டத்தில்தான் தென் தமிழகத்தில் மோட்டார் பஸ்ஸும் வேரூன்றியது. 1910-களில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையை மையமாகக் கொண்டு பஸ் தொழிலை வளர்த்தார். 1920-ல் ஜி.டி.நாயுடு ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அது யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்று பெரிய நிறுவனமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து பஸ் ஓட்டும் கருவியைத் தயாரித்தது. கரி வாயுவில் எஞ்சினின் பலம் குறையும். மேட்டில் கீழ் கியரிலேயே வெகு நேரம் உறுமிக்கொண்டு ஏற வேண்டும்.

1972-ல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பிறகு திண்டுக்கல்லுக்கென்று ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் தலைவர்களின் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டு, ஒரே பெயராகத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெயர் எத்தனை மாறினாலும் பாதை அதேதான். வத்தலக்குண்டிலிருந்து ஏறினால் 1,800 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏற வேண்டும்.

இதில் இயற்பியல் செய்யும் ஒரு சதி உண்டு. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஆத்தூரில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,133 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் அதிகம் உழைத்து அதிகம் சூடாகும் இடத்தில், தண்ணீருக்குத் தாங்கும் சக்தி குறைவு!

அந்தக் கால மூடிகள் அழுத்தத்தை அடைக்காத வெறும் மூடிகள். எனவே மலையேறும் பஸ்ஸில் தண்ணீர் கேன் கட்டாயம் இருக்கும். எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில், பெட்டி போன்ற பானெட்டுக்குள் இருக்கும். அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்து போனவர்களுக்கு அந்தச் சூடு மறக்காது. வழியில் நிறுத்தி, ஆற விட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவது பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. வண்டி மெதுவாகப் போனது, ஆனால் காற்று சிக்கவில்லை. ரேடியேட்டர் எஞ்சினைவிட உயரமாக நிமிர்ந்து நின்றது, அதன் வாய்தான் முழு அமைப்பிலும் உயரமான இடம். காற்று தானாக மேலே வந்து மூடி வழியே போய்விடும்.

விமானம் சொல்லிக்கொடுத்த பாடம்

1930-களில் இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் கோஷாக் என்ற விமான எஞ்சினை உருவாக்கியது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியை இறக்கைக்குள் அனுப்பி, அங்கே குளிர வைத்துத் திரும்பக் கொண்டுவருவது அதன் திட்டம். ரேடியேட்டரே வேண்டாம் என்பது கனவு. 1934-ல் சூப்பர்மரைன் நிறுவனத்தின் 224 என்ற போர் விமானத்தில் அதைப் பொருத்திப் பறந்தார்கள். இறக்கையில் சேர்ந்த தண்ணீர் கொதிநிலையை ஒட்டியே இருந்தது. பம்பு அதை உறிஞ்சியதும் அழுத்தம் குறைந்து மறுபடி ஆவியாக மாறியது. பம்பு ஆவியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே சுற்றியது. திட்டம் தோற்றது.

அதே நிறுவனங்கள் பாடம் கற்றுக்கொண்டன. 1936 மார்ச் 5-ம் தேதி முதன்முதலில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினுக்கு எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு தண்ணீரும் கிளைக்காலும் கலந்து, அழுத்தத்தில் அடைத்து வைத்தார்கள். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். இந்த யோசனைதான் கார்களிலும் அழுத்த மூடியாக நிலைத்தது. வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு அதிக அழுத்தத்தைத் தாங்கும் மூடி போட்டால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. கொடைக்கானல் உயரம் இனி பெரிய பயமில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மூடிய அமைப்பில் காற்று தானாக வெளியேறாது. நாம்தான் எடுக்க வேண்டும்.

மெழுகும் ஒரு சின்ன ஊசியும்

இன்னொரு பாத்திரம் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைத்து, சூடானதும் திறக்கும் கதவு. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் மெழுகால் இயங்கும் தெர்மோஸ்டாட்டை உருவாக்கினார். மெழுகு உருகினால் விரிந்து கதவைத் தள்ளும். இன்றும் இதே தத்துவம்தான்.

கதவு மூடியிருக்கும்போது அதன் பின்னால் காற்று மாட்டிக்கொள்ளும் அல்லவா? அதனால் பல தெர்மோஸ்டாட்களில் ஒரு சின்ன ஓட்டையும், அதில் ஆடும் ஒரு ஊசியும் இருக்கும். காற்று வந்தால் ஊசி விலகி வழிவிடும், தண்ணீர் தள்ளினால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மாட்டும்போது இந்த ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே வைத்து மாட்டிவிட்டால் காற்று மேலேயே நிற்கும். இந்தக் கடுகளவு விஷயம் தெரியாமல் எத்தனையோ எஞ்சின்கள் வீணாகியிருக்கின்றன.

நம் ஊர் வெயிலில் பட்டறைகளில் ஒரு வழக்கம் பரவியது. "இந்த ஊர் சூட்டுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கழற்றியதும் காற்று தடையில்லாமல் வெளியேறும், வண்டி கொதிப்பது நின்றுவிடும். அதனால் செய்தது சரி என்றே தோன்றும். உண்மையில் நோய் காற்று, கழற்றியது கதவை. கதவு இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் அதிகம் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். வழக்கம் பல வருடம் நீடித்ததற்குக் காரணம் அது பலன் தந்தது போலத் தெரிந்ததுதான்!

இப்போது ஏன் பிரச்னை அதிகம்?

அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்த முகம், உயரமான ரேடியேட்டர், அதன் தலையில் மூடி. தண்ணீர் ஊற்றினால் காற்று அந்த வழியிலேயே மேலே வந்துவிடும். அதற்குப் பின் வந்த கார்களின் மூக்கு தாழ்ந்தது. ரேடியேட்டரும் தாழ்ந்தது. எஞ்சின் தலையும், ஹீட்டர் குழாயும் ரேடியேட்டர் மூடியைவிட உயரமாகிவிட்டன. வேன்களில் எஞ்சின் இருக்கைக்கு அடியிலும், சில பஸ்களில் பின்பக்கத்திலும் போய்விட்டது. குழாய்கள் நீண்டு, மேடு பள்ளமாக வளைந்தன. குடிநீர்க் குழாயின் மேட்டில் காற்று நிற்கும் அதே கதைதான்.

காற்று நின்றால் என்ன ஆகும்?

* தண்ணீரை விடக் காற்று வெப்பத்தைக் கடத்துவது இருபது மடங்குக்கும் மேல் குறைவு. காற்று நிற்கும் இடத்தில் இரும்பு தனியாகச் சூடேறும்.
* தண்ணீர்ப் பம்பால் காற்றைத் தள்ள முடியாது. காற்று வந்து சேர்ந்தால் அது வெறுமனே சுற்றும்.
* வெப்பத்தை அளக்கும் சென்சார் காற்றுக்குள் நின்றால் முள் சரியாகக் காட்டாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் பாதியில் நிற்கும், திடீரென்று உச்சிக்குப் போகும்.
* கடைசியில் ஹெட் கேஸ்கெட் போகும், அல்லது ஹெட் வளையும், வெடிக்கும்.

வாடகை வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஹெட் போனால் ஒரு சீசன் வருமானமே போனது போல. தவணை மட்டும் நிற்காது.

காற்றை எடுப்பது எப்படி?

இதற்காகத்தான் பொறியாளர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, குழாயின் உயரமான இடத்தில் ஒரு சின்னத் திருகு. தளர்த்தினால் காற்று வெளியேறும். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. எஞ்சினிலிருந்தும் ரேடியேட்டரிலிருந்தும் மெல்லிய குழாய்கள் அதற்கு வரும். குமிழிகள் அங்கே வந்து பிரிந்துவிடும். நியூகமனின் வால்வு, ஆத்தூர்க் குழாயின் ஏர் வால்வு, இந்தத் தொட்டி... மூன்றும் ஒரே குடும்பம்!

பொதுவான முறை இதுதான்:

1. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இது முதல் விதி, கடைசி விதியும் இதுவே.
2. ரேடியேட்டர் வாய் உயரமாக இருக்கும்படி வண்டியின் மூக்கை லேசான மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.
3. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பாதையும் திறக்கும்.
4. காற்றுத் திருகு இருந்தால் தளர்த்திவிட்டு, கூலண்டை மெதுவாக, மிக மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் காற்றும் சேர்ந்து போகும். திருகு வழியே குமிழி இல்லாமல் வந்ததும் இறுக்கிவிடலாம்.
5. மூடியைப் போடாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், குமிழிகள் வரும். மட்டத்தைச் சரிசெய்து மூடிவிடலாம். ஃபேன் திடீரென்று சுற்றும், கை பத்திரம்.
6. கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி முழுவதும் ஆறவிட்டு, மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வண்டிக்கு வண்டி இதில் மாறுதல் உண்டு. சில வண்டிகளில் மூடியைப் போட்டுவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்னதே இறுதி. எவ்வளவு எடுத்தாலும் குமிழி நிற்கவில்லை என்றால் அது வெளியிலிருந்து வந்த காற்று அல்ல. ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து பட்டறையில்தான்.

ஊற்றுவது எது என்பதும் முக்கியம். உப்புத் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். புத்தகத்தில் சொன்ன கூலண்ட், கலக்க வேண்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர், இவைதான் நல்லது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாக இருக்கும். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்!

பழைய பஸ் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் ஆளைச் சுடுகிறது. வண்டி கொதித்தால் உடனே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது. வெறும் மூடி இருந்த காலத்தில் அதில் ஓரளவு தப்பித்தார்கள். அழுத்த மூடியில் அது நடக்காது. உள்ளே 110 டிகிரியில் 6 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அதில் 2 சதவீதம் தண்ணீர் அப்படியே ஆவியாகும். 2 சதவீதம்தானே என்று நினைக்கலாம். அந்த ஆவியின் அளவு சுமார் 180 லிட்டர்! அது மிச்சமிருக்கும் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு மூடியைத் திறந்தவரின் முகத்துக்கும் கைக்கும் வரும். ஈரத்துணி போட்டுத் திறந்தாலும் இதே கதிதான். மலைப்பாதையில் நடுவழியில் இப்படி வெந்துபோனால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓரமாக நின்று, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருப்பதுதான் ஒரே வழி. மேல் ஹோஸ் பைப்பில் சூடு முழுவதும் இறங்கிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

முடியாத கதை

மின்சார வண்டி வந்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழியாது! பல மின்சாரக் கார்களில் பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்கத் திரவம் சுற்றுகிறது. அதிலும் காற்று சிக்கும், அதையும் எடுத்தாக வேண்டும். வெற்றிடப் பம்பை மாட்டி உள்ளே இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு திரவத்தை உள்ளே விடும் முறை இப்போது பட்டறைகளுக்கும் வந்துவிட்டது.

1712-ல் நியூகமனின் எஞ்சின் நின்றுபோனதற்கும், போன வாரம் மலைப்பாதையில் ஒரு வேன் நின்றுபோனதற்கும் காரணம் ஒன்றே. காற்று எப்போதும் மேலே ஏறும், வழி இல்லையென்றால் அங்கேயே உட்காரும். ஆத்தூர் பக்கம் போகும்போது சாலையோரத்தில் ஏர் வால்வு எதையாவது பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வண்டியில் கூலண்ட் மாற்றிய கையோடு மலையேறக் கிளம்புகிற நண்பர் யாராவது இருந்தால், "காத்து எடுத்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு எஞ்சினைக் காப்பாற்றும், சில சமயம் ஒரு முகத்தையும்.